மாடல் 500: பழுதுச் செலவு வரைந்த தொலைபேசி

வெஸ்டர்ன் எலெக்ட்ரிக்கின் மாடல் 500 தொலைபேசி 1950ஐ ஒட்டி அமெரிக்க வீடுகளுக்குள் வந்தது. 1980கள் வரை அதே வடிவத்தில் மேசைமேல் உட்கார்ந்திருந்தது. வடிவமைத்தவர் யார் என்று கேட்டால் தொழில் வடிவமைப்பாளர் ஹென்றி டிரைஃபஸ் என்ற ஒற்றைப் பெயர்தான் பதிலாக வரும். டிரைஃபஸ் அலுவலகத்தில் இந்த வேலையை முன்நின்று நடத்தியவர் ராபர்ட் ஹோஸ். உள்ளே இருக்கும் மைக், ரிசீவர், டயல், மணி, மின்சுற்று எல்லாம் பெல் ஆய்வகத்துப் பொறியாளர்களின் கைவேலை. இவர்களோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய இன்னொரு தரப்பும் உண்டு. அது பழுதுச் செலவைக் கணக்கெழுதிய தரப்பு.

அன்றைய ஏற்பாட்டைத் தெரிந்துகொள்ளாமல் இந்தக் கருவியைப் புரிந்துகொள்ள முடியாது. பெல் என்றும் அழைக்கப்பட்ட ஏடி அண்ட் டி குழுமத்தின் உள்ளூர் கம்பெனி இணைப்பைக் கொடுத்தது. அதே குழுமத்தின் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கருவியைச் செய்தது. அதே குழுமத்தின் பெல் ஆய்வகம் அதை வடிவமைத்தது. சந்தாதாரர் தொலைபேசியை விலைக்கு வாங்க முடியாது, மாத வாடகைதான். திருப்புளியை எடுத்துத் திறக்கவும் உரிமை இல்லை. மணி அடிக்கவில்லை என்றால் கம்பெனி ஆள் வண்டியெடுத்து வருவார், கட்டணம் கிடையாது. ஆகவே ஒவ்வொரு பழுதும் வாடகைக்கு விட்டவனுக்கே நட்டம். கருவி இருபது முப்பது ஆண்டு உழைத்தால்தான் வாடகை லாபமாகும். மாடல் 500இன் வளைவுகளை அழகியல் பாடமாகப் படிப்பவர்கள் இந்தக் கணக்கைத் தவறவிடுகிறார்கள். உண்மையைச் சொன்னால் அது அப்படியொன்றும் அழகான பொருள் அல்ல. அகன்ற அடியும் சரிந்த நெற்றியும் கொண்ட ஒரு கனத்த மேடு, அவ்வளவுதான். அதன் ஒவ்வொரு மேட்டுக்கும் பள்ளத்துக்கும் காரணம் இருக்கிறது என்பதே அதன் சிறப்பு.

முன்னவன்: 302

1930ல் பெல் நிறுவனம் வருங்காலத் தொலைபேசி எப்படி இருக்கலாம் என்று வரைந்து தரப் பத்துக் கலைஞர்களுக்குத் தலா 1,000 டாலர் தருவதாக முன்வந்தது. டிரைஃபஸையும் கேட்டார்கள். உள்ளே இருக்கும் உறுப்புகளைத் தெரியாமல் வெளித்தோற்றம் மட்டும் வரைவதில் பயனில்லை, பொறியாளர்களோடு உட்கார்ந்துதான் வேலை செய்வேன் என்று அவர் மறுத்துவிட்டார். அப்படிச் செய்தால் கலைஞரின் கை கட்டப்பட்டுவிடும் என்பது பெல்லின் எண்ணம். வந்த வரைபடங்கள் கதைக்கு ஆகாதவையாக இருக்கவே, பிறகு அவரிடமே திரும்பி வந்தார்கள்.

அதன் விளைவாக 1937ல் வந்தது மாடல் 302. அதற்கு முன்னால் மேசைமேல் ஒரு நிலையும் கைப்பிடியும் மட்டும் இருக்கும். மணியும் சுருளும் மின்தேக்கியும் சுவரில் தனிப் பெட்டியாகத் தொங்கும். 302 அந்தப் பெட்டியை விழுங்கிக்கொண்டது. ஒரே உடலுக்குள் எல்லாம் அடங்கின. முதலில் துத்தநாகக் கலவையை அச்சில் வார்த்து உடல் செய்தார்கள். 1940களின் தொடக்கத்திலிருந்து பிளாஸ்டிக்.

வேலை நன்றாகத்தான் செய்தது. ஆனால் களத்திலிருந்து வந்த குறைகள் சலிக்காமல் ஒரே மாதிரி இருந்தன. டயலின் எண்கள் விரல் துளைகளுக்கு அடியில் இருந்ததால் நகம் உரசி மங்கின. உட்கார்ந்தபடி சாய்வாகப் பார்த்தால் சக்கரத்தின் விளிம்பே எண்ணை மறைத்தது. ஹேண்ட்செட்டின், அதாவது காதில் வைத்துப் பேசும் கைப்பிடியின், நடுத்தண்டு முக்கோண வெட்டு. தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கினால் உருண்டு நழுவியது. மணியின் சத்தத்தைக் கூட்டக் குறைக்க வெளியே வழியில்லை. கருவியைத் தூக்கி வேறு இடத்தில் வைக்கலாம் என்றால் விரல் நுழைய இடமில்லை. 1946ல் புதிய கருவிக்கான வேலை தொடங்கியபோது மேசையில் இருந்தது இந்தப் பட்டியல்தான்.

ஹேண்ட்செட்: முகத்தை அளந்து செய்தது

புதிய ஹேண்ட்செட்டின் பெயர் ஜி1. 302இல் இருந்த பழைய எஃப்1ஐ விடக் குட்டை, எடையும் குறைவு. காதுத் துளைக்கும் வாய்க்கும் இடையிலான தூரத்தையும், வாய் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்பதையும் ஏராளமான முகங்களில் அளந்து எடுத்த தரவுகள் பெல் ஆய்வகத்திடம் இருந்தன. மைக்கை வாய்க்கு அருகே கொண்டுவர வேண்டும். பேச்சின் ஒலி தூரத்தோடு வேகமாக விழுந்துவிடும் என்பதால் ஒரு சென்டிமீட்டர்கூடக் கணக்கில் வரும். ஆனால் மிக நெருக்கினால் பெரிய முகம் உள்ளவரின் கன்னத்தில் இடிக்கும். பெரும்பான்மை முகங்களுக்குப் பொருந்தும் இடத்தில் மைக்கை நிறுத்தினார்கள்.

நடுத்தண்டின் முக்கோணம் போய், முதுகு தட்டையான செவ்வக வெட்டு வந்தது. இனி தோளில் இடுக்கினால் உருளாது. இதை வசதி என்று மட்டும் படிக்கக் கூடாது. கீழே விழும் ஹேண்ட்செட் உடையும் ஹேண்ட்செட். உடைந்தால் புதிது கொண்டுபோக வேண்டியது கம்பெனி. தொடக்க காலத்து ஜி1 கனத்த பேக்கலைட் என்ற கடின பிளாஸ்டிக். நிறக் கருவிகள் வந்தபோது அது சூட்டில் இளகும் பிளாஸ்டிக்காக மாறியது, பிறகு வந்தது இலகுவான ஜி3.

உள்ளே பார்த்தால் பராமரிப்புக் கணக்கு இன்னும் தெளிவாகத் தெரியும். மைக் பக்கத்து மூடியைத் திருகிக் கழற்றினால் டி1 மைக் குப்பி கையில் வந்து விழும். அதற்கு வயரும் இல்லை, திருகும் இல்லை, இரண்டு தொடுவில்களின் மேல் சும்மா உட்கார்ந்திருக்கிறது. கரித்துகள் மைக்தான் தொலைபேசியில் முதலில் சோர்ந்துபோகும் உறுப்பு. அதை அரை நிமிடத்தில் மாற்றும்படி வைத்தார்கள். காதுப் பக்கத்து யு1 ரிசீவர் எளிதில் கெடாது. ஆகவே அது இரண்டு திருகுகளில் வயரோடு கட்டப்பட்டிருக்கிறது. அதன் முனைகளுக்குக் குறுக்கே வேரிஸ்டர் என்ற, மின்னழுத்தம் கூடினால் தடை குறையும் ஒரு சிறு உறுப்பு இருக்கும். கம்பியில் திடீரென மின்னழுத்தம் எகிறினால் அந்த ‘டப்’ சத்தம் காதைத் தாக்காமல் தடுப்பது அதன் வேலை.

டயல்: ஒரு வெள்ளைப் புள்ளியின் கதை

எண்களையும் எழுத்துகளையும் விரல் சக்கரத்துக்கு வெளியே ஒரு வளையமாக எடுத்துப் போட்டார்கள். உரசல் இல்லை, மறைப்பும் இல்லை. எண் பெரிதாகவும் ஆனது. காகிதத்தில் எல்லா விதத்திலும் இதுவே மேல். சோதனைக்குப் போனபோது ஆட்கள் முன்னைவிட மெதுவாக டயல் செய்தார்கள்.

பெல் ஆய்வகத்தின் உளவியலாளர் ஜான் கார்லின் பக்கம் இந்தப் புதிர் வந்தது. பழைய டயலில் விரல் போக வேண்டிய துளைக்குள்ளேயே எண் இருந்தது. கண் எண்ணைப் பிடித்ததும் விரல் அங்கேயே இறங்கியது. புதியதில் எண் வெளியே, துளை வெறுமை. சக்கரம் திரும்பி ஓடும்போது அடுத்த துளை எங்கே வந்து நிற்கும் என்பதற்கு அடையாளம் எதுவும் இல்லை. துளைகளுக்கு அடியில் ஒவ்வொரு வெள்ளைப் புள்ளி வைத்தார்கள். வேகம் திரும்பி வந்தது. அந்தப் பத்துப் புள்ளிகளை அலங்காரம் என்று நினைத்துப் புதிய வண்ணம் பூசும்போது மூடிவிடுபவர்களை என்ன செய்வது!

டயல் வேகம் ஏன் இத்தனை முக்கியம்? ஒருவர் ஹேண்ட்செட்டை எடுத்த நொடியிலிருந்து எக்ஸ்சேஞ்சில் ஒரு பொதுச் சாதனம் அவருக்காகக் காத்துக் கிடக்கிறது. எல்லோரும் எண்ணுக்கு ஒரு நொடி கூடுதலாக எடுத்தால் எக்ஸ்சேஞ்சில் அந்தச் சாதனங்களின் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும். தப்பாக டயல் செய்த அழைப்பும் அப்படியே, சாதனம் வேலை செய்யும், வருமானம் வராது.

டயல் செய்வது விரல் அல்ல என்பதையும் சொல்லிவிடலாம். விரல் வில்லை முறுக்குகிறது, அவ்வளவே. விட்டதும் வில் சக்கரத்தைத் திருப்பி இழுக்கும்போதுதான் துடிப்புத் தொடுவி திறந்து மூடுகிறது. ‘5’க்கு ஐந்து முறை, ‘0’க்குப் பத்து முறை. நொடிக்கு 10 துடிப்பு, ஒவ்வொரு துடிப்பிலும் சுமார் 60 விழுக்காடு நேரம் சுற்று திறந்திருக்க வேண்டும். இந்த வேகத்தைக் காப்பது உள்ளே உள்ள வேகக் கட்டுப்படுத்தி. சுழலும்போது சிறு எடைகள் விரிந்து ஒரு கிண்ணத்தின் உட்சுவரில் உரசி வேகத்தைத் தடுக்கின்றன. இதை நினைவில் வையுங்கள், டயலுக்கு எண்ணெய் விடும் இடத்தில் இது திரும்ப வரும்.

சத்தம் கூடிப்போன சிக்கல்

மாடல் 500 யாருக்காகச் செய்யப்பட்டது என்பதற்கு இந்தப் பகுதியே சரியான சான்று. புதிய மைக்கும் ரிசீவரும் சுற்றும் சேர்ந்து, நீண்ட கம்பியில் பேசும் பக்கமும் கேட்கும் பக்கமும் 302ஐ விடச் சுமார் 5 டெசிபெல் மேம்பட்டன. வாடிக்கையாளருக்குக் குரல் தெளிவாகக் கேட்டது, நல்லதுதான். ஆனால் நோக்கம் அதுமட்டும் அல்ல. எக்ஸ்சேஞ்சிலிருந்து தொலைவில் இருக்கும் வீட்டுக்குக் குரல் தேயாமல் போகத் தடித்த தாமிரக் கம்பி போட வேண்டும். கருவியே 5 டெசிபெல்லை ஈடுகட்டிவிட்டால் மெல்லிய கம்பி போதும். நாடு முழுக்கக் கோடிக்கணக்கான இணைப்பு என்று வைத்துப் பாருங்கள். தொலைபேசிக்குள் செலவழித்த காசு தெருவுக்கு அடியில் தாமிரமாக மிச்சமானது.

ஆனால் எக்ஸ்சேஞ்சுக்குப் பக்கத்துத் தெருவில் இருப்பவருக்கு இதே கருவி காதைக் கிழிக்கும். கம்பி குறுகினால் மின்தடை குறைவு, மின்னோட்டம் அதிகம், கரி மைக்கின் வெளியீடும் அதிகம். தொலைவுக்கு ஒன்று, அருகுக்கு ஒன்று என இரண்டு வகைக் கருவி செய்தால் கிடங்கிலும் வண்டியிலும் இரட்டைக் கையிருப்பு வேண்டும். வீடு மாறுபவர் கருவியை எடுத்துப்போனால் அதுவும் தவறும். ஆகவே கம்பியின் நீளத்தைக் கருவியே உணர்ந்து தன்னை அடக்கிக்கொள்ளும்படி செய்தார்கள்.

முதல் ஏற்பாடு சற்றே விசித்திரமானது. பாயும் மின்னோட்டத்தால் சூடாகும் டங்ஸ்டன் இழையும், அந்தச் சூட்டில் மின்தடை மாறும் தெர்மிஸ்டர் என்ற சிறு உருண்டையும் சேர்ந்த ஒரு சமன்செய்கருவி. வேலை செய்தது, ஆனால் நுணுக்கமான தனி உறுப்பு. சில ஆண்டுகளில் அதை எடுத்துவிட்டு, 425பி என்ற மூடிய சுற்றுப் பெட்டிக்குள் சிலிக்கன் கார்பைடு வேரிஸ்டர்களை வைத்தார்கள். மின்னழுத்தம் கூடினால் வேரிஸ்டரின் தடை விழும், குரலில் ஒரு பங்கு அதன் வழியே கசிந்துவிடும். எரிந்துபோக இழை இல்லை, ஆள் வந்து சரிசெய்ய எதுவும் இல்லை.

இந்தச் சுற்றின் இன்னொரு வேலை, பேசுபவரின் குரல் அவர் காதிலேயே எவ்வளவு கேட்க வேண்டும் என்பதைக் கட்டுப்படுத்துவது. தன் குரல் பலமாகக் கேட்டால் மனிதர் தானாகவே தாழ்ந்து பேசுவார். எதிர்முனையில் இருப்பவர் ‘சத்தமாப் பேசுங்க’ என்பார். சுத்தமாகக் கேட்காமல் செய்தாலோ கருவி செத்துவிட்டது என்று நினைப்பார்கள். அளவோடு கொஞ்சம் விட்டார்கள்.

மணியும் நிறமும்

மணிக்கு இரண்டு பித்தளைக் கிண்ணங்கள், ஒவ்வொன்றும் வேறு சுருதி. வயதானவர்களுக்கு மேல் சுருதி கேட்காமல் போனாலும் கீழ்ச் சுருதி காதில் விழும். கருவியின் அடியில் ஒரு பல்சக்கரம் வெளியே நீட்டியிருக்கும், அதைச் சுழற்றிச் சத்தத்தைக் கூட்டலாம் குறைக்கலாம். ஆனால் வழக்கமான சி4ஏ மணியில் முழுவதுமாக அணைக்க விடாமல் ஒரு தடுப்பு நாக்கு இருக்கிறது. மணியை அணைத்துவிட்டு மறந்து, ‘போன் அடிக்கவே இல்லை’ என்று புகார் சொல்பவருக்காக வைத்தது அது. வேண்டுமென்று கேட்பவருக்குக் கம்பெனி ஆள் உள்ளே திறந்து அந்த நாக்கை விலக்கிக் கொடுப்பார்.

1954ல் நிறங்கள் பரவலாக வந்தன. கறுப்புக்கு -3, தந்த நிறத்துக்கு -50, சிவப்புக்கு -53, மஞ்சளுக்கு -56, வெள்ளைக்கு -58 என்று குறியெண்கள். கறுப்பு மட்டும் இருந்தபோது கிடங்கு எளிதாக இருந்தது. ஒரு நிறம் கூட்டினால் உடல், ஹேண்ட்செட், இரு மூடிகள், எண் வளையம், இரண்டு வயர்கள் எல்லாம் அந்த நிறத்தில் வேண்டும். விரல் சக்கரத்தை மட்டும் நிறமில்லாத தெளிந்த பிளாஸ்டிக்கில் செய்தார்கள். எந்த உடலிலும் பொருந்தும் ஒரே உறுப்பு. கிடங்குக்காரர் கோணத்தில் பார்த்தால் மாடல் 500இன் மிகச் சாமர்த்தியமான முடிவு இதுதான்.

பொருள் தேர்வில்தான் கை தடுமாறியது. தொடக்கத்தில் பயன்பட்ட டெனைட், அதாவது செல்லுலோஸ் அசிடேட் பியூட்டிரேட், நல்ல மினுமினுப்பு. ஆனால் ஆண்டுக்கணக்கில் சுருங்கும், முறுகும், வெளிச்சம் பட்ட பக்கம் வெளிறும். அதிலிருந்து பியூட்டிரிக் அமிலம் கசிந்து, கெட்டுப்போன வெண்ணெய் வாடை வீசும். 1950களின் முடிவில் ஏபிஎஸ் பிளாஸ்டிக்குக்கு மாறினார்கள். அது கடினம், அளவு மாறாது. பழுப்பேறும் குறை மட்டும் உண்டு.

கணக்கு தப்பிய இடம்

1959ல் இதே டிரைஃபஸ் அலுவலகத்திலிருந்து பிரின்சஸ் என்ற சிறிய தொலைபேசி வந்தது. படுக்கையறைக்கு இரண்டாவது கருவி வாடகைக்கு விடுவதே நோக்கம், அதாவது விளம்பரப் பிரிவின் விருப்பம் முன்னால் வந்து நின்றது. உடல் சிறுத்ததால் முதல் மாதிரியில் மணிக்கு இடமில்லை, அதைத் தனியாகச் சுவரில் மாட்ட வேண்டியிருந்தது. எடை போதாமல் டயலை இழுத்தால் கருவியே கூட நகர்ந்து வந்தது. பிறகு எடை சேர்த்தார்கள், 1963ல் மணியும் உள்ளே வந்தது. டயல் விளக்குக்குத் தனி மின்மாற்றியை வீட்டு மின்சாரத்தில் சொருக வேண்டும், அதனால் பழுதாகக்கூடிய பொருள் ஒன்று கூடியது. 302 ஒழித்த தனி மணிப்பெட்டி இருபத்திரண்டு ஆண்டு கழித்து இப்படித் திரும்பி வந்ததை வேறெப்படி விளக்குவது? மாடல் 500இன் கனம் வீண் சதை அல்ல என்பது பிரின்சஸ் வழுக்கியபோது தெரிந்திருக்கும்.

கையில் கிடைத்த 500ஐ எழுப்புவது

பழைய பொருள் விற்பவரிடமிருந்தோ வெளிநாட்டு உறவினரிடமிருந்தோ ஒன்று வந்து சேர்ந்தால், முதலில் திருப்பிப் பார்க்க வேண்டியது அடித்தகடு. ‘500 சி/டி 5-56’ என்பது போல வகையும் மாதமும் ஆண்டும் முத்திரையிட்டிருக்கும். மணி, டயல், சுற்றுப் பெட்டி, மைக், ரிசீவர், உடலின் உட்புறம் எல்லாவற்றிலும் தனித்தனித் தேதி உண்டு. தேதிகள் பொருந்தவில்லை என்றால் ஏமாற்று என்று முடிவுகட்ட வேண்டாம். திரும்பி வந்த கருவிகளைக் கம்பெனியே பிரித்து, தேய்த்து, மினுக்கி, கையில் கிடைத்த நல்ல உறுப்புகளைச் சேர்த்து மறுபடி வீட்டுக்கு அனுப்பியது. எல்லாத் தேதியும் பொருந்தும் கருவிக்குச் சேகரிப்பாளர் கூடுதல் விலை தருவார். ஓடுவதற்கு அது தேவையில்லை.

திறக்கும் முன் இணைப்பிலிருந்து கழற்றுங்கள். மணி அடிக்கும்போது கம்பியில் வருவது 90 வோல்ட் அளவுள்ள மாறுமின்னோட்டம், கை வைத்தால் நன்றாகவே உதறும். அடித்தகட்டில் முன்னும் பின்னும் இரண்டு தட்டைத் தலைத் திருகுகள். அவை தளரும், ஆனால் கழன்று விழாது. உடலோடேயே நிற்கும்படி செய்தவை. இழுத்துப் பிடுங்காதீர்கள். தளர்ந்ததும் உடல் மேலே வந்துவிடும்.

சுற்றுப் பெட்டியின் மேல் எழுத்திட்ட திருகுமுனைகள் வரிசையாக இருக்கும். வயர்களின் நுனியில் பிளந்த தகட்டு முனை இருப்பதால் திருகை முழுதாகக் கழற்றத் தேவையில்லை, அரைச் சுற்றுத் தளர்த்தினால் போதும். எதையும் தொடும் முன் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வெளிக்கம்பியின் சிவப்பு எல்2இலும் பச்சை எல்1இலும் இருக்க வேண்டும்.

டயல் டோன் வரவில்லை என்றால் முதலில் கொக்கித் தொடுவிகளைப் பாருங்கள். ஹேண்ட்செட் வைக்கும் பள்ளத்தில் உள்ள பிளாஸ்டிக் முளைகள் மேலே வரும்போது தொடுவிகள் சேர்கின்றனவா? தூசி இருந்தால் சாதாரணக் காகிதத் துண்டை இடையில் வைத்து இழுத்தால் போதும். உப்புத்தாள் போட்டால் மேற்பூச்சே போய்விடும். அதுவும் சரியென்றால் எஃப், ஆர்ஆர் என்ற இரு முனைகளையும் ஒரு துண்டு வயரால் இணையுங்கள். இப்போது டோன் வந்தால் குற்றம் டயலின் துடிப்புத் தொடுவியில், வராவிட்டால் டயல் நிரபராதி. டோன் கேட்கிறது, நீங்கள் பேசுவது மட்டும் எதிர்முனைக்குக் கேட்கவில்லை என்றால் மைக் குப்பி. அதை வெளியே எடுத்து உள்ளங்கையில் மெல்லத் தட்டினால் கட்டியான கரித்துகள் பிரியும். மீட்டரை ஓம் அளவில் வைத்துக் குலுக்கும்போது முள் ஆட வேண்டும். அசையாமல் நின்றால் குப்பியை மாற்றுவதே வழி. ஹேண்ட்செட்டுக்குள் குப்பியே இல்லாமல் விற்பனைக்கு வருவதும் உண்டு, எளிதில் கழல்வது அதன் சாபமும்கூட. வாங்கும் முன் குலுக்கிப் பாருங்கள்.

டயலுக்கு வருவோம். ‘0’ இழுத்து விடுங்கள், பத்துத் துடிப்பும் ஓடி முடிய ஒரு நொடியை ஒட்டி ஆக வேண்டும். இரண்டு நொடி ஆனால் பழைய எண்ணெய் பிசினாகிவிட்டது. பரவலாகச் செய்யும் தவறு, குழாய் வைத்த தெளிப்பு எண்ணெயை டயலின் பின்பக்கம் பீச்சுவது. ஐந்து நிமிடம் அற்புதமாக ஓடும். பிறகு அந்த எண்ணெய் வேகக் கட்டுப்படுத்தியின் கிண்ணத்துக்குள் வழிந்து, உரச வேண்டிய இடம் வழுக்கி, டயல் தறிகெட்டு ஓடும். எக்ஸ்சேஞ்சுக்கு எண்கள் புரியாது. சரியான முறை: பழைய பிசினைக் கரைப்பானால் கழுவி உலர்த்தி, கடிகார எண்ணெயை ஊசி நுனியில் எடுத்து அச்சுகள் தாங்கிகளில் உட்காரும் இடங்களில் மட்டும் ஒரு பொட்டு. கிண்ணமும் எடைகளும் எலும்புபோல் உலர்ந்திருக்க வேண்டும்.

பேச முடிகிறது, அழைக்கவும் முடிகிறது, மணி மட்டும் அடிக்கவில்லை என்பதே இந்தக் கருவியைப் பற்றி அதிகம் கேட்கப்படும் கேள்வி. பெரும்பாலும் எதுவுமே கெட்டிருக்காது. ஒரே கம்பியைப் பல வீடுகள் பகிர்ந்துகொண்ட கூட்டு இணைப்புக் காலத்து வழக்கப்படி மணியின் கறுப்பு வயர் ஜி முனையில் இருக்கும், அந்த முனையிலிருந்து மஞ்சள் கம்பி வெளியே போகும். இன்றைய இரட்டைக் கம்பி இணைப்பில் மஞ்சள் அந்தரத்தில் நிற்கிறது, மணிக்குச் சுற்று முடியவில்லை. கறுப்பு வயரை ஜியிலிருந்து எடுத்து எல்1இல் போட்டால் தீர்ந்தது. மணியின் சிவப்பு எல்2இலேயே இருக்கட்டும். மணியின் மற்ற இரு வயர்கள் போகும் ஏ, கே முனைகளுக்கு இடையில்தான் மின்தேக்கி இருக்கிறது. நேர்மின்னோட்டத்தைத் தடுத்து மணி மின்னோட்டத்தை மட்டும் விடுவது அது. அவற்றைக் கழற்றியிருந்தால் பழைய இடத்திலேயே திரும்ப மாட்டுங்கள், மின்தேக்கியைத் தாண்டிச் சுருளை நேராகக் கம்பியில் இணைத்தால் எக்ஸ்சேஞ்ச் நீங்கள் ஹேண்ட்செட்டை எடுத்துவிட்டதாக நினைக்கும்.

இணையாக உள்ள இன்னொரு தொலைபேசியில் டயல் செய்யும்போது இங்கே மணி ‘டிங் டிங்’ என்று தட்டினால், சுத்தியலைப் பிடிக்கும் சாய்வு வில்லை இறுக்கமான பள்ளத்துக்கு மாற்றுங்கள். அப்படியும் நிற்காவிட்டால் மணியின் சிவப்பையும் கறுப்பையும் இடம் மாற்றிப் பாருங்கள். வில் ஒரு திசைத் துடிப்பையே எதிர்த்து நிற்கும், துருவம் மாறியிருந்தால் அதனால் பயனில்லை.

உடலை மினுக்கும் முன் அது டெனைட்டா ஏபிஎஸ்ஸா என்று தெரிந்துகொள்ள வேண்டும். கட்டைவிரலால் சூடேறத் தேய்த்து முகர்ந்தால் டெனைட் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். இரண்டுக்கும் அசிடோன் எமன், நெயில் பாலிஷ் அகற்றியும் அதுவே. வெந்நீரும் வேண்டாம், டெனைட் முறுகிவிடும். சோப்பு நீரில் கழுவி, வெளிறலோ பழுப்போ மேல்தோலோடு நிற்கிறதா என்று உட்பக்க நிறத்தோடு ஒப்பிடுங்கள். பெரும்பாலும் மேல்தோல்தான். நீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாளில் 400, 600, 1000, 2000 என்று படிப்படியாகப் போய், கடைசியில் பிளாஸ்டிக் பாலிஷ். ஒரு படியைத் தாண்டினால் முந்தைய தாளின் கீறல் பாலிஷுக்குப் பிறகு வெயிலில் பல்லிளிக்கும். ஹேண்ட்செட்டின் உட்பக்கம் வார்ப்பிலேயே எழுத்துகள் இருக்கும், அந்த இடத்தைத் தொடாதீர்கள். ஏபிஎஸ் உடலைப் பெராக்சைடு பூசி வெயிலில் வைத்து வெளுக்கச் செய்யும் முறையும் உண்டு. ஆனால் பூச்சு காய்ந்த இடமும் ஈர இடமும் வேறு வேறாக வெளுத்துத் திட்டுத்திட்டாகும், அதைப் பிறகு தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். டெனைட் உடலையும் ஏபிஎஸ் மூடியையும் கலந்து பூட்டினால் மரை சரியாக ஏறாது. ஒன்று சுருங்கியது, மற்றது சுருங்காதது.

கடைசியாக, இணைப்பு. தாமிரக் கம்பி எக்ஸ்சேஞ்சுக்கு இது இன்றும் ஒத்துப்போகும். நம் பக்கத்து 25 ஹெர்ட்ஸ் மணிக்கும் 20 ஹெர்ட்ஸுக்குச் செய்த இந்த மணி அடிக்கும். ஃபைபர் பெட்டியின் தொலைபேசித் துளையில் சொருகினால் அழைப்பு வரும், பேசலாம். வெளியே டயல் செய்வதுதான் சிக்கல். பல பெட்டிகள் விசையழுத்தும் தொனிகளை மட்டுமே புரிந்துகொள்கின்றன, துடிப்பை எண்ணுவதில்லை. பெட்டியின் அமைப்பில் துடிப்பு டயல் என்ற தேர்வு இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் துடிப்பைத் தொனியாக்கும் சிறு மாற்றியை இடையில் வைக்க வேண்டும். மணி சோர்வாக அடித்தால் அதே துளையில் வேறு எத்தனை கருவி தொங்குகிறது என்று எண்ணுங்கள். ஒரு பழைய மணியின் சுமையையே 1 என்று வைத்துத்தான் அமெரிக்காவில் மணிச் சுமை எண் கணக்கிடப்பட்டது. இப்படிப்பட்ட கருவி மூன்று நான்கு சேர்ந்தால் சிறிய பெட்டிகளுக்கு மூச்சு முட்டும். ஒன்றில் மட்டும் மணியை விட்டுவிட்டு, மற்றவற்றில் கறுப்பு வயரைக் கழற்றி முனையில் டேப் சுற்றிவிடுங்கள்.